மொட்டைக் குழல்

டோர்னாக் விளையாட்டு விழாவுக்குப் பையும் குழல்களுமான புது பேக்பைப் வாத்தியத்தோடு வந்த டார்க்வில், காரை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தான்.

"அக்கா, பழசையே கொண்டாந்திருக்கலாம். பயிற்சியில எல்லாரும் சிரிக்கிறானுங்க. மொட்டைக் குழல்னு பேரே வச்சுட்டானுங்க."

"யாரு வச்சது?"

"வேற யாரு, உன் பழைய முதலாளிதான்."

அக்கா மர்சலிக்குச் சுருக்கென்றது. இன்வர்னஸில் ஃபார்க்கரின் பட்டறையில் அவள் இளமை முழுவதையும் ஒரே வேலையில் கழித்திருந்தாள். கருங்காலியில் கடைந்த சுருதிக் குழல்களில், மணி மணியாகத் திரண்டிருக்கும் வளையங்களுக்கு நடுவே, சீப்பு போல் பல் வைத்த சீப்புளியால் மயிரிழைக் கோடுகள் வெட்டுவாள். கோடில்லாத குழலை அந்த மலைநாட்டில் யாரும் கண்டதில்லை. போன குளிர்காலத்தில் தனியாகப் பட்டறை போட்டவள், தம்பிக்காகக் கடைந்த முதல் வாத்தியத்தில் அந்தக் கோடுகளை அறவே விட்டுவிட்டாள். மணிகளை மட்டும் ஒன்றைத் தடிப்பாகவும் அடுத்ததை மெலிவாகவும் கடைந்து, இடைவெளியை வழவழவென்று விட்டாள். மெருகு ஏறியதும் கருப்புக்குள்ளிருந்து செம்பழுப்பு ரேகைகள் எழுந்து வந்தன. இத்தனை காலம் இந்த மரத்தின் முகத்தை மூடி வைத்திருந்தோமே என்று அவளுக்கு ஆறவே இல்லை.

"இறங்குடா," என்றாள்.

மைதானத்தின் ஓரத்தில் ஃபார்க்கரின் கூடாரம். கடைசல் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் வாத்தியக்காரர்கள்.

"வாம்மா மர்சலி! மேசைக் கால் விக்க வந்தியா?" என்றார் ஃபார்க்கர். கூட்டம் சிரித்தது. "பாவம், கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு போல. கோடு வெட்ட முடியல, அதான் புது பாணிங்கிறா."

டார்க்வில்லின் முகம் சிவந்தது. மர்சலி மேலங்கியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள்.

"ஒரு கட்டை குடுங்க முதலாளி. சீப்புளியும் உங்களோடதே போதும்."

பாதி கடைந்த குழல் ஒன்றை எந்திரத்தில் மாட்டினார் அவர். மர்சலி உளியை வைத்தாள். ஒருமுறை வெட்டி எடுத்தாள். நகர்த்தி மறுபடி வைத்தபோது, பற்கள் முந்தைய பள்ளங்களிலேயே பிசகாமல் இறங்கின. அந்த இடத்தில்தான் பழகிய கைகூடத் தடுமாறும். மூன்று கோட்டுப் பட்டைகள் முடிந்தன. ஒரு கோடுகூடப் பிறழவில்லை. ஃபார்க்கர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"நடுக்கம் தெரியுதா?" என்று கேட்டாள்.

"இல்ல," என்றார் மெதுவாக. "என் பட்டறையில இப்ப இப்படி வெட்ட ஆளே இல்ல."

மர்சலி அகல உளியை எடுத்தாள். தான் வெட்டிய கோடுகளை ஒரே இழுப்பில் சீவித் தள்ளினாள்.

"ஏய், என் கட்டை!" என்று கத்தினார் ஃபார்க்கர்.

கருஞ்சுருள்கள் காலடியில் உதிர்ந்தன. வெறும் மரத்தின் இரு பக்கமும் அவள் உளி மணிகளை எழுப்பிக்கொண்டே போனது. எந்திரம் நின்றது. முன்வரிசையில் நின்ற ஒருவன் கையை நீட்டி, ஈரமான கன்றுக்குட்டியைத் தடவுவதுபோல் குழலைத் தடவினான்.

"எனக்கு வெட்டத் தெரியும். ஆனா மரம் தெரியணும்னு வெட்டல. அவ்வளவுதான்," என்றாள் மர்சலி.

டார்க்வில் அங்கேயே குழல்களைத் தோளில் சாத்தி, பையை இடுக்கிக்கொண்டு மேடைக்கு நடந்தான். அன்று அவன் வாசித்த வாசிப்பில் ஒரு சுரம்கூடத் தயங்கவில்லை. முதல் பரிசென்று அறிவித்தபோது, மழையில் நனைந்துகொண்டே மர்சலி தொண்டை கிழியக் கத்தினாள்.

சாயங்காலம் எல்லா வாத்தியக் குழுக்களும் ஒன்றாக அணிவகுத்தன. வேலியோரம் நின்ற அவளை வாத்தியக்காரர்கள் சூழ்ந்துகொண்டு, "எனக்கு எப்பக் கடைஞ்சு தருவ?" என்று கேட்டார்கள். ஃபார்க்கரின் சொந்த வாத்தியக் குழுவின் தலைவனும் வந்து நின்றான்.

"வரிசையில வாங்கப்பா," என்று சிரித்தாள் மர்சலி. "கையி ரெண்டுதான் இருக்கு!"