குள்ளன் விரித்த கை

காட்டிலாகா ரேஞ்சர் கன்றுகளின் இடைவெளியைச் சங்கிலி பிடித்து அளக்கச் சொன்னதும் கருப்பி குருவி விரட்டுவதை விட்டு ஓடி வந்தாள்.

1941ஆம் ஆண்டு, கார்த்திகை மாதம். சித்தேரி மலையடிவாரத்தில் சர்க்காரின் தேக்கங்கன்றுகளை நட்டுக் காப்பவர்கள், அவற்றினிடையே இரண்டு வருடங்கள் கேழ்வரகு விதைத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. நடவில் பிழை கண்டாலோ, நிற்கும் பயிரோடு நிலம் கைமாறிவிடும். அறுவடைக்கு இன்னும் பதினைந்து நாட்கள் இருந்தன.

"அஞ்சடிகூடத் தேறலியே முனிராஜ். உத்தரவு ஆறடி," என்றார் ரேஞ்சர்.

கார்டு முனிராஜ், கருப்பியின் கணவன் மேல் பாய்ந்தார். "ஒரு மார் விட்டு நடுன்னுதானடா சொன்னேன்?"

"ஒரு மார்தானுங்க விட்டேன்." குள்ளன் இரு கைகளையும் அகல விரித்துக் காட்டினான். பெயருக்கேற்ற ஆள், விரல் நுனிக்கு விரல் நுனி அவ்வளவுதான் வந்தது.

"கன்னெல்லாம் பாழுங்க. நெலத்தை வேற ஆளுக்குக் குடுத்துடலாங்க," என்றார் முனிராஜ்.

கருப்பி முன்னால் வந்தாள். "யாரு மாருன்னு நீங்க சொல்லலைங்களே, கார்டய்யா. உங்க மாருன்னா உங்களையே படுக்கப்போட்டு அளந்திருப்பமுங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. ரேஞ்சர் வரிசையோடு நடந்து போனார், குனிந்தார், நிமிர்ந்தார்.

"ஒண்ணு விட்டு ஒண்ணு பிடுங்கிடட்டுங்களா?" குள்ளன் அவர் பின்னாலேயே ஓடினான்.

"பிடுங்கினா அகலம் ரெட்டிப்பாயிடும். எடம் கண்ட மரம் நாலாபக்கமும் கிளை விடும். கிளை விட்ட எடமெல்லாம் பலகையில கணு. நெருக்கத்துல நின்னா வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு நெட்டுக்குத்தா ஏறும். மெலிஞ்சதை அஞ்சாறு வருஷத்துல கழிச்சு விடணும். கழிக்காம விட்டுட்டா எதுவும் பருக்காது. இருக்கட்டும். கதிரை அறுத்துக்கங்க."

குள்ளன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். கருப்பியோ கன்றுகளைப் பார்த்தபடி நின்றாள். முழங்கால் உயரம்தான், ஆனால் இலைகள் இப்போதே முறம் முறமாக விரிந்திருந்தன.

"நெருக்கமா நின்னா நெழலும் சீக்கிரம் கூடிடுங்களா, சாமி?"

"அடுத்த மழையிலேயே கூடிடும். தேக்குக்கு நல்லதுதான்."

"கேவுருக்குங்க?"

ரேஞ்சர் சங்கிலியைச் சுருட்டச் சொல்லிவிட்டு அடுத்த நிலத்துக்கு நடந்தார். பின்னால் போன முனிராஜ் திரும்பிப் பார்த்தார். "ரெண்டாம் வருசமும் வெதைச்சுக்கயேன். நெழல்ல வெளைஞ்சா யாரு வேணாங்கறது?"

குள்ளன் நெற்றி மண்ணோடு எழுந்தான். "பயிரு தப்பிச்சுதில்ல புள்ள? அப்புறம் என்னா மூஞ்சியத் தூக்கற?"

கருப்பி ஒரு கதிரைக் கிள்ளி, உள்ளங்கையில் கசக்கி ஊதினாள். மணி இன்னும் இறுகவில்லை. இந்த ஓர் அறுப்பை இரண்டு வருடத்துக்கு எப்படி இழுப்பது என்று யோசித்தபடி, குருவி விரட்டப் போனாள்.