வழக்கமான தோல் குப்பை

தனியாக நிற்கும் புரதத்தைக் கண்டுபிடித்தவன் என்ற நினைப்பில் இரண்டு நாள் நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்கள் ஆய்வகத்தின் நடைபாதை குறுகலானது. ஒரு பக்கம் குளிர்பதனப் பெட்டிகள், மறுபக்கம் காலி அட்டைப்பெட்டிகள். எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். அந்த இரண்டு நாளும் நான் யாருக்கும் ஒதுங்கவில்லை.

என்ன புரதம் என்று சொல்லிவிடுகிறேன். நம் உடம்பின் செல்களுக்குள் இழைகள் ஓடுகின்றன. மெல்லியது ஒன்று, தடித்தது ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. நடுவில் இருப்பதற்கு இடைநிலை இழை என்று பெயர் வைத்தார்கள்; ரொம்ப யோசித்து வைத்த பெயராகத் தெரியவில்லை. ஆனால் தோலை இழுத்தால் கிழியாமல் தாங்குவது அதுதான். நானும் நிரந்தர வேலைக்கும் வீட்டில் உட்காருவதற்கும் நடுவே ஒப்பந்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தவன் என்பதால் எனக்கு அதன்மேல் ஒரு தனிப் பாசம்.

தோலில் இருக்கும் இழை கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. ஒவ்வொரு மூலக்கூறும் நீளமான குச்சி. இரண்டு குச்சிகள் கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளும். அந்த ஜோடியின் பக்கத்தில் இன்னொரு ஜோடி தலைமாற்றிப் படுக்கும். இப்படிப் பல ஜோடிகள் சேர்ந்து குட்டையான கட்டாகும், கட்டுகள் முனையோடு முனை ஒட்டி நீண்டுகொண்டே போகும். தலைமாற்றிப் படுப்பதால் முடிந்த இழைக்குத் தலையும் கிடையாது, வாலும் கிடையாது. என் செமினார் பேச்சும் அதே ரகம் என்பது என் மனைவியின் கருத்து.

இதில் ஒரு கண்டிப்பு உண்டு. முதல் முறுக்கிலேயே இரண்டு குச்சிகளும் வேறு வேறு வகையாக இருக்க வேண்டும். ஒன்று அமில வகை, மற்றது கார வகை. ஒரே வகையை எவ்வளவு கொட்டினாலும் இழை வராது, கட்டிகட்டியாகத் திரளும்.

எங்கள் ஆய்வகத்தில் எலியின் கெரட்டினை பாக்டீரியாவுக்குள் வளர்த்துப் பிரித்தெடுப்போம். கார வகை என் பொறுப்பு, அமில வகை கிளவுஸ் மேடத்தின் பொறுப்பு. என்னோடு ஒரே நாளில் இதே ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தவர். கையுறை போடாமல் தண்ணீர் பாட்டிலைக்கூடத் தொடமாட்டார் என்பதால் நான் வைத்த பெயர் அது. இருவரும் கலந்து செய்தவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. கட்டுரையில் யார் பெயர் முதலில் வருவது என்று ஒருநாள் பேச்சு வந்தது. அன்றிலிருந்து பேச்சே இல்லை.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. உங்கள் புரதம் இல்லாமலே என் புரதம் நிற்கும், பார்க்கிறீர்களா என்று மனதுக்குள் சவால் விட்டேன். என் புரதத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்து, அதைத் தனியாக இழையாக்கப் போகிறேன் என்று தலைவரிடம் போய்ச் சொன்னேன்.

தலைவர் எங்கள் ஆய்வகத்தை நடத்துபவர், எதையும் சுருக்கமாக முடிப்பவர். "அது தனியா நின்னா ஜோடிக்கு ஒரு ஆள் எதுக்கு? எப்படியும் ஒருத்தர் ஒப்பந்தத்தைத்தான் நீட்டிக்க முடியும். வெள்ளிக்கிழமை செமினார்ல பார்த்து முடிவு பண்றேன்" என்றார். நான் ஜெயித்தால் கிளவுஸ் மேடம் வீட்டுக்குப் போவார். அது எனக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்தும் எனக்குத் தூக்கம் கெடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வேலை எளிதுதான். புரதத்தை யூரியாவில் கரைத்து, மெல்லிய சவ்வுக் குழாயில் ஊற்றி, இரண்டு முனையும் முடிச்சுப் போட்டு, யூரியா இல்லாத நீரில் தொங்கவிட வேண்டும். யூரியா கசிந்து வெளியேற வெளியேறக் குச்சிகள் தாமாகவே சேரும். ஆனால் அந்த ஈரக் குழாயின் வாயை விரலால் தேய்த்துத்தான் திறக்க முடியும். கையுறையோடு அது நடக்கிற காரியமா? நான் கழற்றிவிடுவேன். என் கையோ வறண்ட கை. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் என் மனைவி இதற்கென்றே ஒரு களிம்பு கொண்டுவந்து வைத்திருந்தாள். "போட்டுக்கங்க, சோபா பூரா உதிருது" என்பாள். பிசுபிசுக்கிறது என்று நான் தொடுவதில்லை.

திங்கட்கிழமை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். பருப்பு அளவுச் செம்புச் சல்லடையில் துளி விட்டு, சாயம் ஏற்றி, ஒவ்வொரு கண்ணாகத் தேட வேண்டும். கட்டி, கட்டி, மறுபடியும் கட்டி. கழுத்து வலித்தது. கடைசியில் ஒரு மூலையில், ஓரமாக, நாலைந்து இழைகள். அழகென்றால் அப்படி ஒரு அழகு. அந்த மூலையை மட்டும் படம் எடுத்தேன். மற்ற கண்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

படத்தைப் பார்த்ததும் கிளவுஸ் மேடத்தின் முகம் வெளிறியது. மாதக்கணக்கில் பேசாதவர் பேசினார். "கிளவுஸ் போட்டுத்தானே செஞ்சீங்க?"

"போடாம இருப்பேனா?" என்றேன், காலரைச் சரிசெய்துகொண்டே.

புதன்கிழமை நிறை அளக்கும் மெஷின் அறையிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு துளியைக் கொடுத்தால் அதில் என்னென்ன புரதம் இருக்கிறது என்று அந்த மெஷின் சொல்லிவிடும். செமினாரில் தூய்மைக்குச் சான்று காட்டலாம் என்று அனுப்பியிருந்தேன். மெஷின்காரர் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே, "சுத்தமா இருக்கு சார். உங்க எலிப் புரதம்தான். வழக்கமான தோல் குப்பையை மட்டும் எடுத்துட்டேன்" என்றார்.

அது எங்கள் தொழிலின் பழக்கம். யார் எந்தத் துளியைக் கொடுத்தாலும் அதில் மனிதத் தோலின் கெரட்டின் கொஞ்சம் இருக்கும். எல்லோருடைய உடம்பிலிருந்தும் உதிர்வதுதானே. அதனால் பார்க்காமலே பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள்.

"இந்தத் தடவை கொஞ்சம் ஜாஸ்தி சார்" என்றார். "அமில வகைதான் நிறைய."

ஊரெல்லாம் தோல் குப்பையைத் துடைத்துவிட்டு வேறெதையோ தேடுகிறது. நானோ தோல் புரதத்தையே வைத்துக்கொண்டு, வெறும் விரலால் குழாயைத் தேய்த்திருக்கிறேன். உதிர்ந்த தோலை யூரியா கரைத்திருக்கிறது. எலியின் குச்சி என் குச்சியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருக்கிறது. தனியாக நின்ற புரதம் என்று நான் தம்பட்டம் அடித்தது என் கைச் சொறியின் தயவில் நின்றிருக்கிறது.

ஆனால் ஒன்று: அதுதான் ஏற்கெனவே அடித்தாகிவிட்டதே. சொன்னால் ஒழிய யாருக்கும் தெரியாது. பூசி மெழுகிவிடலாம் என்று முடிவு செய்தேன். அதற்கு எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

அன்று மாலை வீட்டில் பேச்சை ஒத்திகை பார்த்தேன். மனைவி துணி மடித்தபடி கேட்டாள்.

"அது யார் துணையும் இல்லாம தானே நிக்குதா?"

"ஆமா."

"இந்த வீட்டுல தன் சாக்ஸைத் தானே தேடி எடுக்கத் தெரியாத ஒருத்தர் வளர்த்த புரதமா அது?"

நான் சிரிக்கவில்லை. கை அரித்தது.

வியாழக்கிழமை எல்லோரும் போனபிறகு செமினாருக்கான படத்தை எடுத்துவர ஆய்வகத்துக்குப் போனேன். கிளவுஸ் மேடம் தன் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார். குளிர்பெட்டியிலிருந்து தன் சாம்பிள் குழாய்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்த தன் பெயரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். முடிவு நாளைக்குத்தானே, அதற்குள் ஏன் என்று கேட்டேன்.

"நானும் செஞ்சு பார்த்தேன்" என்றார். "உங்க புரதத்துலதான், மீதி இருந்ததை எடுத்து. கேக்காம எடுத்தது தப்புதான். திரும்பத் திரும்பப் பண்ணிப் பார்த்துட்டேன். வெறும் கட்டிதான் வருது."

நான் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"எனக்குக் கை வரலைன்னு நெனைக்கிறேன். இத்தனை வருஷம் சுத்தம் சுத்தம்னு செத்துட்டு, உங்களுக்கு வர்றது எனக்கு வரல. போறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சா போதும். நீங்க என்ன வேற மாதிரி செஞ்சீங்க? தண்ணியா? உப்பா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திருப்பித் திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் என்னிடம் கற்றுக்கொள்ள நின்றார். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. வேலையை எப்படியும் எவனோ ஒருவன் எடுத்துக்கொள்வான். அவர் கையின்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையையும் சேர்த்து நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"கிளவுஸ் போடல" என்றேன்.

அவர் புரியாமல் பார்த்தார். என் கையை விளக்குக்குக் கீழே நீட்டினேன். விரல் இடுக்கெல்லாம் வெள்ளை வெள்ளையாக உரிந்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் என்று பிறகு சொன்னார்.

வெள்ளிக்கிழமை அந்த ஒரே படத்தைத் திரையில் போட்டேன். "இந்தப் புரதம் தனியாக நிற்கவில்லை. துணைக்கு நான் நின்றிருக்கிறேன், என்னையும் அறியாமல்" என்று சொல்லி, மெஷின்காரர் அடித்த வரிகளைத் திரும்பப் போட்டுக் காட்டினேன். மேடம் சுத்தமான கையால் செய்து பார்த்து வெறும் கட்டி வந்ததையும் காட்டினேன். அரங்கம் சிரித்து அடங்கக் கொஞ்ச நேரமானது. தலைவர் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கிளவுஸ் மேடத்தைத் தொடரச் சொல்லிவிட்டார். எனக்கு மாதக் கடைசி வரை. "பொடுகு" என்று பட்டப்பெயரும் கிடைத்தது. அது தலையிலிருந்து வந்ததல்ல, கையிலிருந்து என்று இரண்டு பேரிடம் விளக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

மனைவியிடம் சொன்னபோது அவள் திட்டவில்லை. களிம்பை எடுத்து என் கையில் தானே தேய்த்துவிட்டாள். "அடுத்த இடத்துலயாவது போட்டுக்கங்க" என்றாள். அடுத்த இடம் என்று ஒன்று இருப்பதாக அவள் நம்பினாள். நான் மற்றக் கையையும் நீட்டினேன்.

கடைசி வாரம் கிளவுஸ் மேடம் என் மேசைக்கு வந்து ஒரு ஜோடிக் கையுறையை வைத்தார். "உங்க பாதி, என் பாதி. ஒரு தடவை ஒழுங்கா செஞ்சிடலாம்." நான் போட்டுக்கொண்டேன். குழாயின் வாயைத் திறக்க நான் பட்ட பாட்டைப் பார்த்து, அவர் ஒரு பக்கம் பிடித்தார், நான் ஒரு பக்கம் பிடித்தேன். நாலு கையுறைக் கைகளில் அது ஒருவழியாகத் திறந்தது.

மைக்ரோஸ்கோப் அறையில் விளக்கை அணைத்துவிட்டுச் சல்லடையை உள்ளே தள்ளினோம். பழக்கதோஷம், நான் மூலைக்குப் போகப் பார்த்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு நடுவிலேயே நிறுத்தினார். இழை. அடுத்த கண்ணிலும் இழை. அதற்கடுத்ததிலும், ஓரத்திலும், மூலையிலும், ஒன்றன்மேல் ஒன்றாக ஓடிக்கொண்டே இருந்தன.

"எங்க படம் எடுக்கலாம்?" என்றார்.

"எங்க வேணும்னாலும் எடுங்க" என்றேன்.