கசடு அடுப்பில் காய்ச்சிய பால்

1.

இந்தக் கதை பிறந்தது அரியலூர் போகும் பஸ்ஸில். ஆட்கள் தொங்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு பெண்ணின் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே இருந்தது. பெரம்பலூருக்கு வெளியே, கழிவுநீர் நிலையத்து வாசலில் ஏறியவள் என்பதைத் தவிர அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மேகலா என்று பெயர் வைத்தேன். மீதியெல்லாம் கட்டியதுதான்.

2.

முதலில் எழுதிய தொடக்கம்: 'கசடு என்பது நுண்ணுயிர்த் திரளின்...'

(வேண்டாம். பரீட்சை வாடை அடிக்கிறது.)

கழிவுநீரின் அடியில் தங்குவது கசடு. மூடிய தொட்டியில் போட்டால் அதை நுண்ணுயிர்கள் தின்று எரிவாயு தரும். ஆனால் கசட்டில் பாதி, கெட்டித்தோல் கிருமிகள், லேசில் செரிக்காது. முன்கூட்டியே தோலை உடைத்துக் கொடுக்க வேண்டும். காஸ்டிக் சோடா போன்ற காரம் கலந்து உடைக்கலாம், ஒலியலையால் உடைக்கலாம். நிலையத்தில் வேலை பார்க்கும் மேகலா சூடாக்கி உடைத்தாள். பருப்பை வேகவைத்துக் கடைவது போலத்தான்.

ஆடியிலேயே வாயு நிறைந்துவிட்டது. அந்த வாயுவில் எரியும் புது அடுப்பில் ஆடியில் பால் காய்ச்சினால் நாலு பேர் வரமாட்டார்களே என்று ஆவணி பிறக்கும்வரை பற்றவைக்காமல் காத்திருந்தாள். அந்த நாலு பேர்தான் அவளுக்கு முக்கியம்.

3.

குரும்பலூரிலிருக்கும் தங்கை ஜெயசுதாவைப் போனில் அழைத்தாள்.

"முகூர்த்த நாளுதான்டி. காலையில வந்துரு."

"அந்த கேஸ்ல காய்ச்சுன பாலையாக்கா குடிக்கச் சொல்ற?"

"பாலு கடையில வாங்குனதுடி."

"மனசு ஒப்பலக்கா. நீ வூட்டுக்கு வா, இங்க காய்ச்சிக்குவோம்."

நிலையத்து ஆபரேட்டர் அய்யம்பெருமாள், "கண்டிப்பா வரேம்மா" என்றார். முகூர்த்தத்தன்று காலை பார்த்தால், "இன்னைக்கு விரதம்மா" என்றார்.

4.

முடிவு ஒன்று: ஜெயசுதா மனசு கேட்காமல் பஸ் ஏறி...

(அடித்துவிட்டேன். அவள் வரமாட்டாள். எனக்கும் உங்களுக்கும் தெரியும்.)

முடிவு இரண்டு: மேகலா அடுப்பை அணைத்துவிட்டு...

(ஏன் அணைக்கிறாள்? ஒரு மாதம் காத்திருந்தவள்!)

5.

பற்றவைத்தாள். நீலமாக எரிந்தது, துளி வாடை இல்லை. பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. "பொங்கிருச்சு!" என்று சொல்ல ஆளில்லாததால் அவளே சத்தமாகச் சொல்லிக்கொண்டாள். எழுதிய எனக்கே அது தாங்கவில்லை.

நான் உள்ளே போய்க் குடித்துவிடலாம். ஆனால் அவளை உண்டாக்கியவன் குடிப்பது கணக்கில் சேராது. நீங்கள் அப்படியல்ல, வெளியாள். இதுவரை வந்திருப்பதும் நீங்கள் ஒருவர்தான்.

டம்ளரில் ஊற்றி, சர்க்கரை போட்டு, உங்கள் பக்கம் தள்ளி வைக்கிறாள்.

"எடுத்துக்குங்க. ஆறிடும்."

நான் எழுதுவதை இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அவள் உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.