நஞ்சப்பனின் டோங்காப் பங்காளிகள்

தமிழன் போகாத கடலும் இல்லை, நஞ்சப்பன் பேசாத மேடையும் இல்லை என்று கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் பக்கம் ஒரு பேச்சு உண்டு. முதல் பாதிக்குச் சாட்சி நஞ்சப்பன் மட்டும்தான். இரண்டாம் பாதிக்கு ஊரே சாட்சி. பகலில் சான்டா கிளாராவில் ஒரு சிப் கம்பெனியில் மேனேஜர். மற்ற நேரமெல்லாம் கடலோடித் தமிழ்க் கழகத்தின் தலைவர். ஏற்கெனவே இருந்த சங்கத்தில் செயலாளர் பதவி கிடைக்காத கோபத்தில் அவரே தொடங்கிய கழகம் அது.

கழகத்துக்குக் கொள்கை ஒன்றே ஒன்று. ஹவாய், சமோவா, டோங்கா என்று பசிபிக் கடல் நடுவே சிதறிக் கிடக்கிற தீவுகளில் முதன்முதலாகக் கால் வைத்தவன் தமிழன். ஆதாரம் கேட்டால், "அவங்க படகுக்கு வாகாங்கறாங்க, நாம கப்பலுக்கு வங்கம்ங்கறோம், அதுக்கு மேல என்னய்யா வேணும்?" என்பார். அங்கே தென்னை வேறு இருக்கிறதே! தென்னை இருந்தால் போதுமா என்று ஒரு மலையாளி கேட்டுவிட்டார். அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டார் நஞ்சப்பன்.

இப்படிப்பட்ட ஆளிடம் போய் வாயைக் கொடுத்தாள் தாமரைச்செல்வி. நாமக்கல் பெண். பல்கலைக்கழகத்து ஆய்வகத்துக்கு அப்போதுதான் புதிதாக வந்திருந்தாள். பசிபிக் தீவுக்காரர்களின் மரபணுவை வைத்து அவர்களுடைய முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்று தேடுவதுதான் அவள் வேலை. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் ஒரு பாட்லக் விருந்தில், தயிர்சாதத் தட்டோடு ஓரமாக நின்றவளை நஞ்சப்பன் மடக்கினார்.

"அம்மா வழியா மட்டும் இறங்கி வர்ற டி.என்.ஏ. ஒண்ணு இருக்கு அங்கிள்," என்றாள் அவள். "அதுல இந்தத் தீவுக்காரங்களுக்குன்னு ஒரு அடையாளம் இருக்கு. அதைப் பிடிச்சுக்கிட்டே பின்னாடி போனா இந்தோனேசியாவோட கிழக்குப் பக்கம், அதுக்கும் முன்னாடி தைவான் பக்கம் கொண்டுபோய் விடுது. அப்பா வழி வேற மாதிரி. அதுல நியூ கினி ஆளுங்க நிறைய கலந்திருக்காங்க. நம்ம பக்கம் வரவே இல்ல."

"வரவே இல்லீன்னு நிச்சயமாச் சொல்ல முடியுமா அம்மிணி?"

"சயன்ஸ்ல எதையும் நூறு பர்சென்ட் மறுக்க முடியாது அங்கிள். ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அவள் வெகுநேரம் பேசினாள். தட்டில் தயிர்சாதம் காய்ந்தே போனது. பாவம், அதில் ஒரு வார்த்தை அவர் காதில் ஏறியிருந்தால்தானே!

இரண்டாயிரமாவது வருஷப் பொங்கல் விழாவில் மேடைக்குப் பின்னால் 'மறுக்க முடியாது என்கிறது மரபணு அறிவியல்' என்று பெரிய பேனர் தொங்கியது. செல்வி அதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். நஞ்சப்பன் வேட்டிக்கு மேல் செம்பருத்திப் பூப் போட்ட ஹவாய்ச் சட்டை அணிந்து மைக்கைப் பிடித்தார். "அவன் என் ரத்தம்! என் உடன்பிறப்பு! நாளைக்கே ஒரு டோங்காக்காரன் என் வீட்டுக் கதவைத் தட்டினா, தலைவாழை இலை போட்டுச் சோறு போடுவேன்!" அரங்கம் அதிர்ந்தது. கடைசி வரிசையில் அவருடைய ஒரே மகள் ரோஷினி எழுந்து நின்று கைதட்டினாள். தமிழ் விழாவென்றாலே தலைவலி வருகிற பெண் எதற்கு இப்படித் தட்டுகிறாள் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும்.

அடுத்த சனிக்கிழமையே கதவு தட்டப்பட்டது. ரோஷினிக்குப் பக்கத்தில், வாசலை அடைத்துக்கொண்டு ஒரு டோங்காப் பையன். பெயர் சியோனே. அவளோடு காலேஜில் சிவில் இன்ஜினியரிங் படிக்கிறவன், வீடு சான் மட்டேயோ. சொன்ன சொல் தப்பலாமா? நஞ்சப்பனின் மனைவி புஷ்பவல்லி இந்தியக் கடையில் வாங்கிய உறைந்த வாழையிலையை வெந்நீரில் விரித்தெடுத்துப் பரிமாறினாள். பையன் கொள்ளுப்பருப்புக்கே மூன்று தரம் சோறு வாங்கினான். புஷ்பவல்லிக்கு அப்போதே அவனைப் பிடித்துவிட்டது.

"அப்பா, வீ வான்ட் டு கெட் மேரீட்," என்றாள் ரோஷினி.

ரசம் நஞ்சப்பனுக்கு மூக்கில் ஏறியது. இருமி முடிப்பதற்குள் அவருக்கு வழியும் பிடிபட்டுவிட்டது. மேடையில் பழகிய மூளையல்லவா!

"பையன் தங்கமான பையன் கண்ணு. அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா அவங்க நம்ம ரத்தம்னு நானே ஊரறியச் சொல்லிப்போட்டேன். ஒரே ரத்தம்னா பங்காளி. பங்காளி பையன் உனக்கு அண்ணன் முறை. அண்ணனைப் போயிக் கட்டுவாங்களா?"

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து அவர் பத்திரமாகக் கொண்டுவந்த சட்டம் அது. ஒரே கூட்டத்தில், அதாவது ஒரே குலத்தில், பிறந்தவர்கள் பூமியின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் போனாலும் அண்ணன் தங்கைதான்.

"ஸோ, எனக்கு ஒரு பிரதரை இன்வென்ட் பண்ணிட்டீங்க," என்றாள் ரோஷினி. கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு அவனோடு போய்விட்டாள்.

போனவள் போனவள்தான். வாரக் கடைசியில் காலேஜிலிருந்து வீட்டுக்கு வருவது நின்றது. அப்பா போன் செய்தால் ஆன்சரிங் மெஷின்தான் பேசியது. ஜூன் மாதம் கவுன்டி ஆபீஸில் ரிஜிஸ்டர் கல்யாணம் என்றும், அப்பா வர வேண்டியதில்லை என்றும் அம்மாவிடம் மட்டும் சொன்னாள். நஞ்சப்பன் தினமும் போன் செய்து, "ஹாய், திஸ் இஸ் ரோஷினி" என்று மெஷினில் வரும் குரலைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் வைப்பார். இந்தக் குரலும் இல்லாமல் போய்விடுமோ என்று அவருக்குப் பயம் வந்தது.

"ஏனுங் மாமா," என்றாள் புஷ்பவல்லி, "எந்தக் காலத்துலயோ படகேறிப் போனவனுக்கு முறை சொல்லத் தெரியுது. பெத்த புள்ளைய ஊட்டுல வெச்சுக்கத் தெரியலையே உங்களுக்கு!"

கொள்கை பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் மகள் திரும்பி வருவாள். அது அவருக்கும் தெரியும். ஆனால் கொள்கையை விட்டுவிட்டால் அவர் யார்? நஞ்சப்பன், மேனேஜர். அந்த மாதிரி மேனேஜர் சான்டா கிளாராவில் தடுக்கி விழுந்தால் ஒருவர் இருக்கிறார். அவர் பிடித்த முயலுக்கு இதுவரை மூன்றே கால்தான். மகளுக்காக நாலாவது காலைப் பார்க்க மனம் துடித்தது, வாய் வரவில்லை.

கடைசியில் செல்வியின் ஆய்வகத்துக்குப் போனார். மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அவள் பொறுமையாகச் சொன்னாள். அம்மா வழியில் ஒரு தடம், அப்பா வழியில் வேறொரு தடம்.

நஞ்சப்பன் துள்ளி எழுந்தார். "அம்மா வழி வேறயா? அடக் கடவுளே, இதை ஏன் மொதல்லயே சொல்லல? அப்ப நம்ம ஊட்டுப் பொண்ணுதான் படகேறிப் போயிருக்கா! நம்ம பொண்ணு பெத்த வம்சம்னா அத்தை வம்சம். சியோனே அத்தை மவன்! எம் பொண்ணுக்கு முறை மாப்பிள்ளை!"

"அங்கிள், தைவான்..." என்றாள் செல்வி. அவர் அதற்குள் பார்க்கிங் லாட்டுக்குப் போய்விட்டார். மெஷினில் முதல்முறையாகப் பேசினார். ரோஷினி சிரித்தாள், அழுதாள், வீட்டுக்கு வந்தாள்.

சம்பந்தம் பேச சான் மட்டேயோவில் டோங்காக்காரர்களின் சர்ச் ஹாலுக்குப் போனார்கள். கழகத்து நிர்வாகிகள் அத்தனை பேரும் தேங்காய் பழத் தட்டோடு வந்தார்கள். செயலாளர் செல்வராஜ் வீடியோ கேமராவோடு வந்தார். அறிவியல் தரப்புக்கு இருக்கட்டும் என்று செல்வியையும் இழுத்து வந்திருந்தார் நஞ்சப்பன். எதிரே பின்னிய பாய்களின் மேல் சியோனேயின் அத்தை மெலே நடுநாயகமாக உட்கார்ந்திருந்தாள். அவர்கள் வழக்கத்தில் அப்பாவின் அக்கா சொல்வதுதான் தீர்ப்பு. பெற்றவர்கள்கூட அவளுக்கு அப்புறம்தான். "பாத்தீங்களா, அத்தைக்கு மரியாதை! அசல் தமிழ்ப் பண்பாடு!" என்று பூரித்தார் நஞ்சப்பன்.

பூரிப்போடு நிறுத்தினாரா மனுஷர்? எழுந்து ஆங்கிலத்தில் ஒரு சொற்பொழிவே ஆற்றினார். நாம் அந்நியர் அல்ல, எங்கள் வீட்டுப் பெண்ணின் வம்சம் நீங்கள், அண்ணன் பிள்ளையும் தங்கை பிள்ளையும் இன்று ஒன்று சேர்கிறார்கள் என்று முடித்துக் கைகூப்பினார்.

கைதட்டல் வரவில்லை. டோங்காக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சியோனே முகம் வெளுத்துப்போனது. மெலே மெல்ல எழுந்தாள். "எங்களிடத்தில் அண்ணன் பிள்ளையும் தங்கை பிள்ளையும் உடன்பிறந்தவர்கள். அவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து பேசுவதற்கே கூசுவார்கள். இந்தப் பாவத்துக்கா என்னை அழைத்தீர்கள்?" என்றாள். பாய்களைச் சுருட்டச் சொல்லிக் கை காட்டினாள்.

ரோஷினி அப்பாவைப் பார்த்தாள். கோபமே இல்லை அந்தப் பார்வையில். நஞ்சப்பன் அவசரமாகச் செல்வி பக்கம் திரும்பினார்.

"செல்வி, நீ சொல்லு அம்மிணி! உறவு இல்லீன்னு சொல்லு!"

"உறவே இல்லைதான்," என்று செல்வி ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். "ஆனால் அறிவியலில் எதையும் நூறு சதவீதம்..."

"நீ உக்காரு தாயி!" என்று அலறினார் நஞ்சப்பன்.

அவரே நடுவில் வந்தார். பின்னால் கழகம் முழுக்க நிற்கிறது. செல்வராஜின் கேமராவில் சிவப்பு விளக்கு எரிகிறது. தொண்டையைச் செருமினார்.

"நான் சொன்னது பொய்ங்க. எங்க ஆளு ஒருத்தர்கூட உங்க தீவுப் பக்கம் வந்ததில்ல. உங்க படகை உங்க பெரியவங்களேதான் ஓட்டினாங்க. எங்களுக்கும் உங்களுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. ஒரு சொட்டு ரத்தம்கூட இல்ல. பெத்த பொண்ணு சத்தியம்." பதற்றத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டார். ரோஷினி எழுந்து வந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வரி வரியாக ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மெலே பாயைத் திரும்ப விரிக்கச் சொல்லி, தன் பக்கத்தில் இடம் ஒதுக்கினாள். "யாரோ எவரோ என்றால் ரொம்ப நல்லது. வா, உட்கார். இனிமேல்தான் நாம் சொந்தக்காரர்கள் ஆகப்போகிறோம்."

செல்வராஜ் குனிந்து அவர் காதில் கேட்டார். "தலைவரே, அந்தப் பேச்சை மட்டும் கேசட்ல எடிட் பண்ணிடவா?"

மகளின் கையை விடாமலே நஞ்சப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வேண்டாம்ய்யா," என்றார். "இருக்கட்டும்."