கடன் பச்சை

குளியல் தொட்டியின் அடியைத் தேய்க்க ஒரே வழிதான் உண்டு. தரையில் மண்டி போட வேண்டும், வயிற்றை விளிம்பில் சாய்க்க வேண்டும், தலை தொட்டிக்குள் போகிற அளவுக்குக் குனிய வேண்டும். நீளக் கைப்பிடி வைத்த பிரஷ் ஒன்றை நிர்வாகம் வாங்கிக் கொடுத்துப் பார்த்தது. மூலையில் படிந்த சோப்புக் கறை அதற்கு மசியவில்லை. பிரஷ், பெட்ஷீட்டும் துண்டும் அடுக்கும் துணி அறையின் மூலைக்குப் போனது. பெண்கள் பழையபடி மண்டி போட்டார்கள்.

ஏழு முதலில் இடது முட்டியை இறக்கினாள். அது சுமாரான முட்டி. வலதை இறக்கும்போது தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, மூச்சை அடக்கினாள். உள்ளே ஏதோ நகர்ந்து நொறுங்கி மறுபடி உட்கார்ந்தது.

அந்த ஓட்டலில் அறை துடைக்கும் பெண்களுக்கு மாடிதான் பெயர். ஏழாம் மாடிக்காரி ஏழு. ஒன்பதாம் மாடிக்காரி ஒன்பது. சம்பளப் பட்டியலில் வேறு பெயர்கள் இருக்கலாம். சாப்பாட்டு மேஜையில், "ஏழு, அந்த ஊறுகாயை இப்படித் தள்ளு" என்றால்தான் கை நகரும்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கண்ணாடி அக்கா. மூன்று மாடிகளுக்கு சூப்பர்வைசர். மூக்கின் நுனியில் தொங்கும் கண்ணாடிக்கு மேலாகத்தான் எல்லாரையும் பார்ப்பாள். கதவைச் சாத்தினாள், சீருடைக் கையை முழங்கை வரை சுருட்டினாள்.

"எந்திரி."

"வேணாம்க்கா. மேடம் பார்த்தா உங்களுக்குத்தான் திட்டு."

"மேடம் இந்நேரம் ஏசியில உட்கார்ந்து நகத்துக்குக் கலர் காய வச்சிட்டிருப்பா. எந்திரிடி, படுக்கையைப் போடு. பெட்ஷீட் மண்டி போடச் சொல்லாது."

அறை துடைக்கும் பிரிவு முழுவதற்கும் மேடம்தான் தலைவி. மேற்பார்வை பார்க்க வருகிற சாக்கில் ஏழின் தொட்டிகளில் பாதியை அக்காதான் தேய்த்துவந்தாள். டாக்டர் ஏழிடம் சொன்னது இரண்டே வார்த்தை: "மண்டி போடாதே." அதை நிர்வாகத்திடம் சொன்னால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால் முட்டி தானே அனுப்பிவைக்கும். தப்பிக்க ஒரே வாசல்தான் இருந்தது. அக்கா ஓய்வு பெறப் போகிறாள், அந்த சூப்பர்வைசர் பதவி காலியாகும். சூப்பர்வைசர் மண்டி போட வேண்டியதில்லை. நடக்க வேண்டும், பார்க்க வேண்டும், குறை சொல்ல வேண்டும்.

"குறை சொல்றதா? உனக்குப் பிறவியிலேயே வருமே" என்பான் ஏழின் கணவன். வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு, பழைய பேன்ட்டுகளை இறுக்கியும் தளர்த்தியும் கொடுப்பவன். கோட்டுத் துணி மிச்சங்களை மடித்து மடித்துத் தைத்து, அவள் சீருடைக்குள் முட்டிக்கு மெத்தை வைத்துக் கொடுத்திருந்தான். "வாயைத் திறந்தா வேலை போகும், மூடினா முட்டி போகும். எப்படியாவது அந்த மேடத்தைப் பிடிச்சுக்கோ."

பிடித்துக்கொள்ளும் நாள் தானாகவே வந்தது.

அன்று மதியம் ஓட்டல் வாசலில் பஸ்கள் வந்து நின்றன. ஏதோ மாநாடு. வரவேற்பறை நிறைய பெட்டிகளும் வியர்த்த முகங்களும். ஏழாம் மாடியில் துணி அறையின் போன் அலறியது.

"ஏழு! எத்தனை ரூம் பச்சை?"

மேடத்தின் குரல். ஓர் அறை துடைத்து முடிந்ததும் துணி அறைப் போனில் ஒரு குறியீட்டையும் அறை எண்ணையும் அழுத்தினால், கீழே வரவேற்பறைத் திரையில் அந்த அறை பச்சையாக மாறும். பச்சை என்றால் சாவியைக் கொடுக்கலாம்.

"பாதிதான் மேடம். மீதி இன்னும் கை வைக்கலை."

"எல்லாத்தையும் போடு. கடனா போடு."

கடன் பச்சை என்பது அந்த ஓட்டலில் எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத, எல்லாருக்கும் தெரிந்த வேலை. துடைக்காத அறையைத் துடைத்ததாக முதலில் சொல்லிவிடுவது. விருந்தாளி கையெழுத்துப் போட்டு, சாவி வாங்கி, லிஃப்டுக்குக் காத்திருந்து, வழி தவறி வந்து சேர்வதற்குள் ஓடி ஓடி முடித்துவிடுவது. அவ்வளவு ஓட்டத்திலும் ஒன்றை மட்டும் யாரும் விடுவதில்லை. கதவைத் திறந்து, உள்ளே ஆள் இல்லை என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுவார்கள்.

ஏழு எட்டிப் பார்த்துக்கொண்டேதான் போனாள். மூலை அறை மட்டும் தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. வலது முட்டி அன்று காலையிலிருந்தே தகராறு. அந்த அறைக்காரர் கணக்கு முடித்துவிட்டார் என்று வரவேற்பறை ஏற்கெனவே சொல்லியிருந்தது. அங்கே நடந்து போய்த் திரும்ப வேண்டுமே என்று நினைத்தாள். போகாமலே எண்ணை அழுத்தினாள்.

அந்த அறையில் தங்கியிருந்தது ஒரு தம்பதி; கணக்கு முடித்தது கணவர். அவர் காருக்கு பெட்ரோல் போடப் போயிருந்தார். மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். புது விருந்தாளி இரண்டு பேரும், பெட்டி தூக்கியவனும் கதவைத் திறந்து உள்ளே நுழைந்த நேரம், அந்த அம்மாள் குளியலறையிலிருந்து வெளியே வந்தாள்.

அலறல் துணி அறை வரை கேட்டது.

அந்த அம்மாளின் அண்ணன் பெரிய வக்கீல் என்பது சாயங்காலத்துக்குள் சமையலறைக்குக்கூடத் தெரிந்துவிட்டது. "யாரோ ஒருத்தர் தலை உருளப் போகுது" என்றாள் ஒன்பது, லிஃப்டில். சொல்லிவிட்டு ஏழின் தலையைப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் மேடம் கூப்பிட்டாள். கதவைத் தானே சாத்தினாள். "உட்காரு" என்றாள். ஏழு அந்த அறையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நாற்காலி மெத்தென்று உள்வாங்கியது. எழுந்திருக்கும்போது கஷ்டப்படப் போகிறோம் என்று அவளுக்கு அப்போதே தோன்றியது.

"பெரிய மேனேஜர் விசாரிக்கப் போறாரு. யாரு பச்சை போடச் சொன்னாங்கன்னு கேட்பாரு. நான் சொன்னேன்னு நீ சொன்னா, நான் இல்லைம்பேன். போன்ல பேசினதுக்கு சாட்சி ஏது? அப்புறம் நீயா போட்டதாத்தான் ஆகும்."

ஏழு தரையைப் பார்த்தாள்.

"சூப்பர்வைசர் சொன்னாங்கன்னு சொல்லு. அவங்க எப்படியும் போகப் போறவங்க. நாலு நாள் முன்னாடி அனுப்புவாங்க, அவ்வளவுதான். இடம் சீக்கிரம் காலியாகும். காலியானா யாரைப் போடறதுன்னு நான்தானே எழுதிக் கொடுக்கணும்?" மேடம் தண்ணீர்த் தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினாள். "உனக்கு முட்டி சரியில்லைன்னு எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே?"

ஏழு தண்ணீரைக் குடித்தாள்.

பெரிய மேனேஜரின் அறையில் கண்ணாடி அக்கா ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். மேடம் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தாள். பெரிய மேனேஜர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"யார் சொல்லி அந்த ரூமை ரெடின்னு போட்டீங்க?"

அக்கா கண்ணாடிக்கு மேலாக ஏழைப் பார்த்தாள். ஏழு அந்தப் பார்வைக்குப் பக்கத்தில் இருந்த சுவரைப் பார்த்தாள்.

"அக்காதான் சொன்னாங்க, சார்."

"நானா?" அக்கா ஓர் அடி முன்னால் வந்தாள். "நான் அந்த நேரத்துல கீழே லாண்டரியில இருந்தேன்டி! துண்டு வரலைன்னு கத்திட்டிருந்தேன். வேணா அங்கே கேட்டுப் பாருங்க சார்."

"அப்போ மாடியில இல்லை நீங்க." மேனேஜர் பேனாவை மூடினார். "இவ்வளவு கூட்டம் வந்து இறங்குற நேரத்துல சூப்பர்வைசர் மாடியிலேயே இல்லை."

அக்கா வாயைத் திறந்தாள். எந்தப் பக்கம் பேசினாலும் கதவு சாத்தியிருப்பது தெரிந்தது போல, மறுபடி மூடிக்கொண்டாள்.

அன்றே அனுப்பிவிட்டார்கள். பொய்த் தகவல் கொடுத்ததாகக் காரணம் எழுதியதால், ஓய்வுக்கு வரவேண்டியது எதுவும் கிடையாது என்றார்கள். உடை மாற்றும் அறையில் அக்கா தன் இரும்பு அலமாரியைக் காலி செய்தாள். ஒரு சீப்பு, ஒரு சோடி செருப்பு, தைலப் புட்டி. ஏழு வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா…"

"மேடம் சொல்லச் சொன்னாளா?"

ஏழு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் சொன்னா." அக்கா தைலப் புட்டியின் மூடியை இறுக்கினாள். "நேத்து சாயங்காலமே கூப்பிட்டா. ஏழு தன்னிஷ்டத்துக்குப் போட்டுட்டான்னு சொல்லு, உன் பணம் பத்திரமா வந்து சேரும்னா. நான் யோசிச்சுச் சொல்றேன்னு வந்துட்டேன். ராத்திரி பூரா யோசிச்சேன். இன்னைக்குக் காலையிலகூட யோசிச்சிட்டுத்தான் இருந்தேன்." பையைத் தோளில் மாட்டினாள். "நீ முந்திக்கிட்ட."

அவள் போகும்போது ஏழு வழிவிட்டு ஒதுங்கினாள்.

வீட்டில் கணவன் மெஷினை நிறுத்திவிட்டு, "சூப்பர்வைசரம்மாவுக்குக் காபியா, டீயா?" என்றான். அவள் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

பதவிக்காக நாள் கணக்கில் காத்திருந்தாள். மேடம் கூப்பிடவில்லை. தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டால் மேடத்தின் போன் உடனே அடிக்கும். கடைசியில் ஒரு காலை, வேலை தொடங்கும் முன் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து மேடமே அறிவித்தாள். இனிமேல் சூப்பர்வைசர் என்று யாரும் கிடையாது. ஆளுக்கொரு போன் கொடுக்கப்படும். அறை முடிந்ததும் படம் எடுத்து அனுப்பி, அதிலேயே பச்சை போட வேண்டியது. நேரத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். சூப்பர்வைசர் வந்து பார்க்கும் நேரம் மிச்சமாவதால் ஆளுக்குச் சில அறைகள் கூடுதலாக வரும்.

கூட்டம் கலைந்ததும் ஏழு மேடத்தின் பின்னால் நொண்டிக்கொண்டே ஓடினாள்.

"மேடம், அந்தப் பதவி… நீங்க சொன்னீங்களே?"

"நான் எழுதித்தான் கொடுத்தேன்." மேடம் நடையை நிறுத்தவில்லை. "பெரியவர் என்ன கேட்டாரு தெரியுமா? சூப்பர்வைசரே பொய்ப் பச்சை போடச் சொல்றாங்கன்னா, அந்தப் பதவி எதுக்கு, தண்டச் சம்பளம்னாரு. நீ சொன்ன வார்த்தையைத்தான் அப்படியே சொல்லிக் காட்டினாரு. நான் என்ன பண்ண முடியும்? உன் வேலை போகாம காப்பாத்தியிருக்கேன். அதை நினைச்சுக்கோ."

லிஃப்ட் மூடியது. ஏழு வெளியிலேயே நின்றாள்.

அதற்குப் பிறகு எல்லாத் தொட்டிகளும் அவளுடையவைதான். முட்டி மெத்தைக்குள் கணவன் இன்னும் இரண்டு மடிப்பு வைத்துத் தைத்தான். "இதுக்கு மேல வச்சா சோபா ஆயிடும்" என்றான். அவள் சிரிக்காததைப் பார்த்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தான்.

அடுத்த மாநாடு வந்தபோது, கூட்டத்தைச் சமாளிக்க ஓர் ஏஜென்சியிலிருந்து தினக்கூலிக்கு ஆட்களை இறக்கினார்கள். ஓட்டல் வேலை தெரிந்தவர்களாகப் பார்த்துக் கேட்டிருந்தாள் மேடம். பழக்க வேண்டாம், சல்லிசாகவும் கிடைப்பார்கள். ஏழாம் மாடிக்கு ஒருத்தியை அனுப்பினார்கள். தொளதொளவென்ற சாம்பல் நிறச் சட்டை, முதுகில் ஏஜென்சியின் எண். லிஃப்டிலிருந்து வெளியே வந்ததும் கண்ணாடிக்கு மேலாகத் தாழ்வாரத்தைப் பார்த்தாள்.

"அக்கா" என்றாள் ஏழு.

"எந்த ரூமு?" என்றாள் அவள்.

ஒருத்தி படுக்கை போட்டாள், ஒருத்தி குப்பை எடுத்தாள். மூலை அறையின் தொட்டி மோசமாக இருந்தது. யாரோ தலைக்குச் சாயம் போட்டுக் குளித்திருந்தார்கள். ஏழு ஒரு பக்கம் மண்டி போட்டாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அக்கா மறுமுனையில் மண்டி போட்டாள். அவள் உடம்பும் முன்போல இல்லை. இறங்கும்போது தொண்டைக்குள் ஒரு சத்தம் வந்தது. சாயம் சுலபத்தில் போகவில்லை. இரண்டு தலைகளும் தொட்டிக்குள் கிட்டத்தட்ட முட்டிக்கொள்ளும் தூரத்தில் குனிந்திருந்தன.

"உனக்குக் கிடைச்சிருக்கும்னு நினைச்சேன்" என்றாள் அக்கா, கறையைப் பார்த்தபடி.

"இல்லைக்கா."

"ம்."

கறை போனது. அக்கா விளிம்பைப் பிடித்து எழப் பார்த்தாள். ஈரத்தில் கை வழுக்கியது. மறுபடி பார்த்தாள். பிறகு ஏழின் பக்கம் கையை நீட்டினாள். ஏழு அதைப் பற்றிக்கொண்டு, தானும் எழ முயன்றாள். ஒருத்தியின் பாரம் இன்னொருத்தியைக் கீழே இழுத்தது.

ஏழின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஒரு கையால் எடுத்தாள்.

"மூலை ரூம் என்னாச்சு?" மேடத்தின் குரல் குளியலறைச் சுவர்களில் மோதியது.

"படுக்கை ஆச்சு மேடம். பாத்ரூம்ல இன்னும் தண்ணி துடைக்கணும். படமும் எடுக்கலை…"

"படத்தை அப்புறம் எடுத்துக்கலாம். நான் இங்கிருந்தே பச்சை போட்டுட்டேன். உன் பேர்லதான். ஆளுங்க மேலே வர்றாங்க."

இணைப்பு அறுந்தது. இருவரும் ஈரத் தரையில், ஒருவர் கையை ஒருவர் விடாமல் பிடித்தபடி மண்டியிட்டிருந்தார்கள். வெளியே தாழ்வாரத்தில், கம்பளத்தின் மேல் பெட்டிச் சக்கரங்கள் உருளும் ஓசை நெருங்கி வந்தது.