அண்ணி நீட்டிய மாத்திரை

எங்கள் தையல்கூடத்தில் யாருக்கு என்ன நோவு வந்தாலும் முதல் வைத்தியம் அண்ணியுடையதுதான். அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. கூடத்துக்கு முதலாளியும் அவர்தான். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறோம். துணி வெட்டுவது நான். தலை வலிக்கிறது என்று வாய் திறந்தால் போதும், அண்ணியின் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை வந்துவிடும். வேண்டாமென்றால் கோபித்துக்கொள்வார். அவ்வளவு நல்ல மனசு, அதற்கு மேல் பிடிவாதம்.

எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. என் வீட்டுக்காரரையும் என் டாக்டரையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. இதற்கு முன் இரண்டு தடவை உண்டானபோது, சந்தோஷத்தில் எல்லோரிடமும் உடனே சொன்னேன். இரண்டுமே தங்கவில்லை. வாழ்த்திவிட்டுப் போனவர்களே திரும்பி வந்து துக்கம் விசாரித்தார்கள். "உன் உடம்பு வாகு அப்படி" என்று ஒரு மகராசி சொல்லிவிட்டும் போனாள். இந்தத் தடவை மூச்சு விடுவதில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். அதிலும் அண்ணியிடம் சொல்வதும் ஒன்றுதான், தெருவில் ஒலிபெருக்கி கட்டுவதும் ஒன்றுதான்.

ஆனால் வாந்திக்கு இந்த ரகசியமெல்லாம் தெரியுமா? அன்று மதியத்துக்குள் கத்தரியைப் போட்டுவிட்டு இரண்டு தடவை குழாயடிக்கு ஓடினேன். நெஞ்சைத் தடவிக்கொண்டு திரும்பினால், வெட்டு மேஜைக்குப் பக்கத்தில் அண்ணி கைப்பையோடு நிற்கிறார்.

"என்னடி, நெஞ்செரிச்சலா?"

"ஒண்ணுமில்ல அண்ணி. காலையில சரியா சாப்பிடல."

"அதான பார்த்தேன். குடலைக் காயப் போட்டா அல்சர் வராம என்ன வரும்? என்னைப் பார்த்தாவது புத்தி வர வேண்டாம்?"

அண்ணிக்கு உண்மையிலேயே அல்சர். மெஷின் மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்து, வருஷக்கணக்காக வலி மாத்திரை விழுங்கியதில் வயிறு புண்ணாகிவிட்டது. போன மாதம்தான் அண்ணியின் டாக்டர் புது மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். முதல் சில நாள் அண்ணி மெஷினில் உட்கார்ந்ததைவிடக் கழிப்பறைக்கு ஓடியதுதான் அதிகம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு டாக்டரைத் திட்டாத திட்டில்லை. வயிற்றுப்போக்கு நின்று, எரிச்சலும் அடங்கியதும், அதே டாக்டர் தெய்வமாகிவிட்டார். அந்தத் தெய்வம் கொடுத்த மாத்திரையைத்தான் இப்போது என்னிடம் நீட்டினார்.

"முதல்ல ரெண்டு வாய் சாப்பிடு. வெறும் வயித்துல போட்டா கலக்கி எடுத்துடும்."

"சாயங்காலம் போட்டுக்கறேன் அண்ணி."

"சாயங்காலம் வரைக்கும் எதுக்குடி தவிக்கணும்? என் கண்ணு முன்னாடி போடு."

தன் சாப்பாட்டு டப்பாவையே திறந்து என் முன்னால் தள்ளினார். "போட்டுக்கங்க, அக்கா விட மாட்டாங்க" என்றாள் பட்டன் கட்டுகிறவள். முதலாளிக்கு ஒத்து ஊதுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வேறு வழி தெரியாமல் மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

அண்ணிக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"இதை எழுதறப்ப டாக்டர் கேட்டாரு பாரு ஒரு கேள்வி! நீங்க மாசமா இருக்கீங்களான்னு. பேரன் எடுத்தவகிட்ட கேக்கற கேள்வியா இது? வெளியில எங்க வீட்டுக்காரரு உக்காந்திருக்காரு, அவரையே கேட்டுக்கங்கன்னுட்டேன்!"

கூடமே சிரித்தது. இஸ்திரி போடுகிறவர் சிரித்த சிரிப்பில் ஒரு சட்டை தீய்ந்திருக்கும். நான் மட்டும் சிரிக்காமல் கையை நீட்டினேன்.

"அந்த மாத்திரை அட்டையைக் குடுங்க அண்ணி."

பின்பக்கம் திருப்பினேன். வயிறு பெருத்த ஒரு பெண்ணின் படம், அதன்மேல் குறுக்காக ஒரு கோடு.

"இது என்ன படம் அண்ணி?"

"அதுவா? வயிறு உப்பியிருக்கு பாரு, அதை அடிச்சு விட்டிருக்கான். உப்புசம் போயிடும்னு அர்த்தம்."

படத்துக்குக் கீழே எறும்பு எறும்பாக எழுத்து. கண்ணாடி போட்டாலும் அண்ணியால் படிக்க முடியாது. நான் படித்தேன்.

நான் ஒன்றும் அசடு இல்லை. விழுங்கியதுபோல் நடித்துவிட்டு, மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டிருக்கலாம். ரகசியமும் தப்பியிருக்கும். ஆனால் பட்டன் கட்டுகிறவளுக்கு இப்போதுதான் கல்யாணமாகியிருக்கிறது. நாளைக்கு அவள் ஒரு ஏப்பம் விட்டால் போதும், இந்த அட்டை அவளிடம் போகும். எனக்கு வந்ததே கோபம்! அண்ணியின் நல்ல மனசு மேல் கோபம், வாயைக் கட்டிப் போட்டிருந்த என் பயத்தின் மேல் அதைவிடக் கோபம்.

"அண்ணி, இது உப்பின வயிறு இல்ல. புள்ள இருக்கற வயிறு. மாசமா இருக்கறவங்க இதைத் தொடவே கூடாதாம், கரு கலைஞ்சிடுமாம். இதோ எழுதியிருக்கு. டாக்டர் அதுக்குத்தான் உங்களைக் கேட்டிருக்காரு."

"சரி, இருந்துட்டுப் போகட்டும். அதுக்கு நீ ஏண்டி குதிக்கறே?"

"நான் மாசமா இருக்கேன்."

ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அண்ணி என் கையிலிருந்து மாத்திரையைத் தட்டிவிட்டார். மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று குழாயடிக்கு இழுத்துப்போனார்.

"வாயில வெச்சியா? நாக்குல பட்டுச்சா? ஆ காட்டு!"

"இல்ல அண்ணி, வாய்கிட்டயே கொண்டு போகல."

நம்பினால்தானே! என் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். பிறகு என் உள்ளங்கையில் சோப்பைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தார். துணிச்சாயம்கூட அப்படித் தேய்த்தால் போயிருக்கும்.

"எத்தனை மாசம்?"

"மூணு ஆகப்போகுது."

"மூணு மாசமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நான் என்ன பேயா, பிசாசாடி?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "சொன்ன ரெண்டு தடவையும் தங்கல அண்ணி. வாயைத் திறந்தா இதுவும் போயிடுமோன்னு பயமா இருந்துச்சு."

அண்ணி குழாயை மூடினார். ஈரக் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொன்னதால போகலடி அது" என்றார். "இன்னிக்கு நீ சொல்லாம இருந்திருந்தா, என் கையாலயே போயிருக்கும்."