ஒற்றைத் தோடு

மரவள்ளி விலை விழுந்த வருடம், மனைவி கோகிலவாணியின் தோடுகளை ஒவ்வொன்றாகக் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்தேன். அவள் காதுகளில் துடைப்பக் குச்சி ஏறியது. அவள் தங்கை கல்யாணத்துக்கு முந்தின நாள், ஆட்டை விற்று மீட்கப் போனேன்.

“நகைக்கடன் தள்ளுபடி வரப்போவுது, மீக்காத” என்றார்கள் வரிசையில். குமாஸ்தாவோ, “ஏலம் வுடப்போறோம்” என்றார்.

இரு தரப்பையும் நம்பி, ஒன்றை மட்டும் மீட்டேன்.

“இன்னாய்யா, எனக்கு ஒரு காதுதானா?” என்றாள்.

“தள்ளுபடி வந்தா இன்னொண்ணு சும்மா கெடைக்கும்டி.”

“வரலன்னா?”

அவள் தோட்டை வலது காதில் திருகினாள்.

“நாளைக்கு எடது பக்கமா ஒட்டிக்கினே வா. குச்சி தெரியக்கூடாது.”

மண்டபத்தில், எது அவளுடைய இடது என்று குழம்பி அவளைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

“புதுமாப்பிள்ளகூட இப்டி ஒட்டல” என்று சிரித்தார்கள்.